லிபெர்த்தாவில் ஓர் இடம்

அகஸ்ரீனா அக்காவின் பாட்டில் ஒரு சொல் பிழை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். அதில் பிழை இருக்கிறதென்றால் நம்ப மாட்டார்கள். மடு மாதா திருநாளுக்குப் பாடுகிறார்கள். புதிதாக ஒருவருக்கு வேலை கிடைத்தால் பாடுகிறார்கள். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் கேக் வெட்டும்போதும் பாடினார்கள், எதற்கென்று கேட்கக் கூடாது. அந்த ஒரு சொல்லை மாற்றிப் பாட வைக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆறு வருடமும் அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை. இவ்வளவு சின்ன ஆசையைக் கூட நிறைவேற்ற முடியாத சனமாக நாங்கள் இருக்கிறோமே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நானும் அவவும் போர்கோ வெக்கியோவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு குசினி, கீழே சந்தை. மீன்காரன் கத்துவது எங்கள் சாப்பாட்டு மேசை வரைக்கும் கேட்கும். நான் கோடையில் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன், கடை மூடுகிற திங்களிலும் மற்ற மாதங்களிலும் வீடுகள் துடைக்கிறேன். அக்கா என்னைவிட இருபது வயது மூத்தவ, மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரி. வாயில் எப்போதும் ஏதாவது ஒரு இராகம் ஓடிக்கொண்டிருக்கும். பாடுகளை நினைக்கிற தபசு காலத்தில் ஊரில் பாடுகிற ஒப்பாரி இராகத்தில்தான் வெங்காயம் நறுக்குவா. வெங்காயத்துக்கு அழுகிறாவா, ஆண்டவருக்கு அழுகிறாவா என்று நான் கேலி செய்வேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்பா.

பாட்டின் பிழை விளங்க வேண்டுமென்றால் லிபெர்த்தா விளங்க வேண்டும். லிபெர்த்தா என்றால் எங்களுக்கு ஒரு தெரு, அதைச் சுற்றியுள்ள பணக்காரப் பகுதி. பெரிய மரங்கள், பளிங்குப் படிகள், பித்தளைப் பிடி போட்ட கதவுகள். பலெர்மோவுக்கு வந்திறங்கிய எங்கள் பெண்கள் முதலில் கற்றுக்கொள்கிற இத்தாலியச் சொற்களில் அதுவும் ஒன்று. “அவளுக்கு லிபெர்த்தாவில் இடம் கிடைச்சிட்டுது” என்றால் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் தங்கி வேலை செய்யக் கிடைத்துவிட்டது, படுக்கக் கட்டில், சாப்பாடு, விசாவுக்குக் கையெழுத்து எல்லாம் சரி என்று பொருள். அந்த இடத்துக்காக நேர்த்தி வைத்தவர்கள் உண்டு. ஊர்க் காவல் புனிதை சாந்த ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறியவர்களும் உண்டு, அதில் எங்கள் சைவக்காரரும் சேர்த்தி.

லிபெர்த்தா என்ற சொல்லுக்கு விடுதலை என்று ஒரு பொருள் இருப்பது மெல்ல மெல்லத்தான் எல்லோருக்கும் தெரிய வரும். தெரிந்த பிறகும் அது வேறு, தெரு வேறு. தங்கம்மா என்று கூப்பிடும்போது யாருக்கு நகை நினைவுக்கு வருகிறது?

அக்காவுக்கு அந்த இடம் வந்து மூன்றாம் மாதமே கிடைத்துவிட்டது. புருசன் கடலோடு போனவர், நாலு வயது மகள் றம்யாவைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்திருந்தா. வேலைக்கு எடுத்த சிஞ்ஞோராவின் பெயர் இனேஸ். லிச்சேயோவில், பெரிய வகுப்புப் பள்ளிக்கூடத்தில், இலக்கியம் படிப்பித்த விதவை, புத்தகங்களுக்குள் குடியிருந்த மனிசி. கெட்டவர் இல்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும். பிறந்த நாளுக்குச் சங்கிலி வாங்கிக் கொடுத்தார், காய்ச்சல் வந்தால் சூப் வைத்துக் கொடுத்தார். தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் ஒரே ஒரு ஆளைப் பற்றிப் படிப்பதில் செலவழித்தார். அந்த ஆள் நானூறு வருடத்துக்கு முன் இதே பலெர்மோவில் அடிமையாக இருந்த ஒரு கறுப்பர். புலவர். சிஞ்ஞோரா அவரை ஜுவான்னி என்றுதான் சொல்வார், பக்கத்து வீட்டு ஆள் மாதிரி.

ஜுவான்னியை ஆபிரிக்காக் கரையில் எங்கோ பிடித்து, சிறு பையனாகக் கப்பலில் கொண்டுவந்து, துறைமுகத்தில் விற்றிருக்கிறார்கள். வாங்கியவர் ஒரு கனோனிக்கோ, பேராலயத்துச் சாமியார். ஞானஸ்நானம் கொடுத்து, ஒரு புனிதரின் பெயரையும் கொடுத்து, குசினியில் விட்டார். பூசைப் புத்தகம் தூக்கிக்கொண்டு பின்னால் போய்ப் போய் அந்தப் பையன் எழுத்தைப் பிடித்துக்கொண்டான். வளர்ந்து, சிசிலிய மொழியில் பாட்டுக் கட்டத் தொடங்கினான். எல்லாம் வேதப் பாட்டுகள். பாலன் பிறப்புக்கு, பாடுகளுக்கு, வியாகுல மாதாவுக்கு. கனோனிக்கோவுக்குப் பெருமை பிடிபடவில்லை, விருந்தாளிகள் வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு அவனைக் கூப்பிட்டுப் பாடச் சொல்வாராம்.

அந்தப் பாட்டுகளில் அக்காவுக்குப் பிடித்தது சீரேன் ஊர்ச் சீமோனைப் பற்றியது. வழியில் போன மனிசனை மறித்துச் சிலுவையைத் தூக்க வைத்தார்களே, அவனிடம் அன்றைக்கு எங்கே போய்க்கொண்டிருந்தாய் என்று யாராவது கேட்டார்களா என்று ஜுவான்னி கேட்கிறான். இன்னொன்றில் மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலனிடம், நீயும் பிறத்தியார் வீட்டில்தான் கண் விழித்தாயா என்று கேட்கிறான். எதைப் பாடினாலும் கடைசி அடி ஒன்றுதான்: “பத்ரூனி, தூனமி லிபிர்த்தா.” பத்ரூனி என்றால் எஜமான். தூனமி என்றால் எனக்குத் தா. மிச்சச் சொல்லில்தான் வில்லங்கம்.

சிஞ்ஞோரா இந்தப் பாட்டுகளைப் புத்தகமாகப் போட ஆயத்தம் செய்த காலம் அது. சரி பார்ப்பதற்காகச் சத்தமாக வாசிப்பார். அக்கா அதே அறையில் நின்று ஸ்திரிக்கைப் பெட்டியால் உடுப்பு மினுக்குவா. வந்து ஒரு வருடம் ஆகவில்லை, இத்தாலியமே குசினி இத்தாலியம், அதிலும் இது பழைய சிசிலியம். பாட்டில் வந்த ஸ்கியாவோ என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டாவாம், அடிமை என்பதற்கு அவர்களின் சொல். எஜமானின் வீட்டிலேயே இருந்து வேலை செய்கிற ஆள் என்று சிஞ்ஞோரா சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் என்னைப் போலத்தான் என்று அக்கா நினைத்துக்கொண்டா. சின்ன வயதிலிருந்து “இதோ ஆண்டவருடைய அடிமை” என்று மூன்று வேளையும் செபம் சொல்லி வளர்ந்தவவுக்கு அடிமை என்றே விளங்கியிருந்தாலும் அந்தச் சொல்லில் பயம் ஏது?

ஆகவே கடைசி அடியை அக்கா இப்படி விளங்கிக்கொண்டா: எஜமானே, எனக்கு லிபெர்த்தா தா. அதாவது லிபெர்த்தாவில் ஓர் இடம். ஒதுங்கிக்கொள்ள ஒரு வீடு, ஒரு கட்டில். அந்தக் காலத்தில் போர்கோ வெக்கியோவில் ஆறு பேரோடு ஓர் அறையில் படுத்திருந்த எந்தத் தமிழ்ப் பெண்ணும் ஆண்டவரிடம் கேட்டது அதைத்தான். ஒரு கறுப்பு மனிசன் எங்களுக்கு முன்னமே இதே ஊரில் இதையே கேட்டிருக்கிறானே என்று அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மினுக்கிக்கொண்டு நின்றபடியே ஒப்பாரி இராகத்தில் தமிழில் கட்டிவிட்டா. சீமோனும் வருவார், பாலனும் வருவார். ஒவ்வொரு சரணமும் முடிகிற இடத்தில்,

எஜமானே, ஏழைக்கு இடம் தாரும்.

அந்த வருடமே மடு மாதா திருநாளில் பாடினா. கோயிலில் அழாத பெண் இல்லை. இடமில்லாமல் வந்த சனத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும். பிறகு வேலைக்காக அலைகிற ஒவ்வொருவரும் பாடினார்கள், கிடைத்தவர்களும் நன்றிக்குப் பாடினார்கள். அக்கா கேட்ட இடத்தை ஆண்டவர் தாராளமாகவே கொடுத்தார். இருபத்தாறு வருடம் அந்த வீட்டை விட்டு அசைய விடவில்லை.

றம்யாவை இங்கே கூப்பிட வேண்டுமென்றால் சிஞ்ஞோரா முழுநேர வேலை என்று கொந்தராத்தோவில், வேலை ஒப்பந்தத்தில், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியிருந்தது அரைநேரம், வரி குறையும் என்று. அக்கா கேட்டா. “தோப்போ பாஸ்குவா, அகஸ்ரீனா,” என்றார் சிஞ்ஞோரா, பாஸ்காவுக்கு, உயிர்த்த ஞாயிறுக்கு, பிறகு பார்ப்போம். பாஸ்கா வந்தது, போனது. அடுத்த வருடம் மகன் கலியாணம், பாஸ்காவுக்குப் பிறகு. அதற்கடுத்த வருடம் புத்தக வெளியீடு. இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அக்கா வேறு வீடு பார்த்திருப்பா. கடைசியில் றம்யாவுக்குப் பதினெட்டு முடிந்தது. அதற்குப் பிறகு பிள்ளை என்று கூப்பிட முடியாது என்று விசா பார்க்கிற பொலிஸ் கந்தோரில், கொஸ்தூராவில், சொல்லிவிட்டார்கள். றம்யா இப்போது மன்னாரில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். ஞாயிறுகளில் வட்சப்பில் வருவாள், தாயோடு பிறத்தி ஆளோடு போல, நீங்கள் வாங்கோ என்று மரியாதையாகக் கதைப்பாள். அந்த மரியாதையைக் கேட்டால் பக்கத்து அறையில் இருக்கிற எனக்கே வயிறு எரியும்.

சிஞ்ஞோராவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தவறியது. மகனைத் தெரியவில்லை, கண்ணாடியில் தன்னையே தெரியவில்லை. ஜுவான்னியின் பாட்டுகள் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் வரும். ஆறு வருடத்துக்கு முன், மொண்டெல்லோவில் இருக்கிற கோடை வீட்டு முற்றத்தில், இரண்டு பேரும் மத்தியானத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சிஞ்ஞோரா பாடல் சொல்லிக்கொண்டே போனார். அக்காவுக்கு இப்போது பழைய சிசிலியமும் பழகிய காது. கடைசி அடி வந்தபோது ஏதோ இடறியது. எந்த லிபெர்த்தா சிஞ்ஞோரா, எங்கள் தெருவா என்று கேட்டாவாம்.

சிஞ்ஞோரா சிரித்தார். ஒரு நிமிடம் பழைய டீச்சராகவே ஆகிவிட்டார் என்று அக்கா சொன்னா. அவன் காலத்தில் அந்தத் தெருவே இல்லை, எலுமிச்சைத் தோட்டங்கள்தான் இருந்தன என்றார். அவன் தன்னைப் போகவிடச் சொல்லிக் கேட்டான். ஒவ்வொரு பாட்டிலும் அதைத்தான் கேட்டான், மாதாவும் பாலனும் அதைச் சொல்ல எடுத்த வழி. முன்னால் இருந்து கேட்டவர்கள் எஜமான் என்றால் கடவுள், விடுதலை என்றால் மோட்சம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கனோனிக்கோவுக்கு மட்டும் விளங்கியிருக்கிறது.

“விட்டவரோ?” என்று அக்கா கேட்டிருக்கிறா.

ஒவ்வொரு முறையும் பாஸ்காவுக்குப் பிறகு என்று சொன்னாராம். அந்த வீட்டிலேயே கிழவனாகிச் செத்துப் போனான் என்று சிஞ்ஞோரா சொன்னார். அக்கா அவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாவாம், தான் சொன்ன சொல் தனக்கே நினைவு வருகிறதா என்று. வரவில்லை. அதற்குள் அவரைக்காய்க்குத் திரும்பிவிட்டார். அடுத்த வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார், மகன் வீட்டை விற்றார், அக்கா ஒரு சூட்கேசோடு என் வீட்டுக்கு வந்தா, அடுத்த மாதமே லிபெர்த்தாவில் வேறு வீடுகள் துடைக்கப் போகத் தொடங்கினா.

வந்த கிழமையே எனக்கு இதையெல்லாம் சொன்னா. தன் மகளைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடையவில்லை. அந்த மனிசனைப் பற்றிச் சொல்லும்போதுதான் உடைந்தது. “அவன் வெளியிலை போகக் கேட்டிருக்கிறான் அமலினி. நான் என்ர வாயாலை அவனைத் திருப்பித் திருப்பி உள்ளுக்கை தள்ளியிருக்கிறன். ஊர்ச்சனத்தையும் சேர்த்துத் தள்ள வைச்சிட்டன்.”

மாற்றுவது கடினமே இல்லை. ஒரு சொல். இடத்தை எடுத்துவிட்டு விடை என்று வைத்தால் போதும், இராகம்கூட இடிக்காது. எஜமானே, ஏழைக்கு விடை தாரும். போக விடை தாரும். குசினியில் நின்று எனக்குப் பாடிக் காட்டினா.

பாடகர் குழுவை நடத்துகிறவர் எமிலியானுஸ். குருநகர்க்காரர், லிபெர்த்தாவில் ஒரு மாடிக் கட்டடத்தில் போர்த்தியேரே, வாசல்காவல் வேலை. வாசலில் இருந்து இருந்து யார் வருகிறார், யார் போகிறார் என்பதில் கண்டிப்பு வந்துவிட்டது, பாட்டிலும் அப்படித்தான். அக்கா போய்க் கேட்டபோது நானும் கூட நின்றேன். முதலில் பகிடி விட்டார். விடை தாரும் என்றால் பிள்ளைகள் சோதனைக்குப் பாடுகிற பாட்டு என்று நினைக்குங்கள் என்றார். எங்கட ஆக்களுக்கு விடை என்றால் கோழி, ஆண்டவரிட்டைக் கோழி கேட்கிற மாதிரி இருக்கும் என்றார். குழுவில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தா, பகிடி நல்ல பகிடிதான். சிரித்து முடித்துவிட்டு ஜுவான்னியின் கதையை முழுக்கச் சொன்னா. எமிலியானுஸ் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் உண்மையான பயத்தைச் சொன்னார். ஆண்டவரே போகவிடும் என்று கோயிலுக்குள் நின்று பாடினால் கோயிலை விட்டுப் போகக் கேட்கிற மாதிரி அல்லவா இருக்கும், ஏற்கெனவே எத்தனை குடும்பம் அல்லேலூயாச் சபைக்காரரிடம் போய்விட்டது.

அக்கா பூசை வைக்கிற சுவாமியிடமும் போனா. சுவாமிக்கு யாரையும் நோகடிக்கத் தெரியாது. ஆண்டவருக்கு இரண்டும் விளங்கும், பாடகர் குழு என்ன சொல்கிறதோ அப்படிச் செய்யுங்கோ என்று அனுப்பிவிட்டார். அக்கா திரும்ப எமிலியானுஸிடம் வந்தா. அது தபசு காலம், குழு பாடுகளின் பாட்டுகளைப் பழகிக்கொண்டிருந்தது. அவர் தலையை நிமிர்த்தாமலே, அன்பாகத்தான் சொன்னார்: “பாஸ்காவுக்குப் பிறகு பாப்பம் அக்கா.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பிறகு படியில் இறங்கும்போது சிரிக்கத் தொடங்கினா, தெருவில் நின்று கண்ணீர் வரச் சிரித்தா. தெருவோரம் பீன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவன் என்ன நடந்தது என்று கேட்டான். எத்தனையோ பாஸ்கா போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் கேட்டா, ஒவ்வொரு வருடமும் அதே மறுமொழி. எமிலியானுஸுக்கு அதில் வஞ்சகம் இல்லை, ஞாபகமும் இல்லை.

இந்த ஓகஸ்ட் மடு மாதா திருநாளுக்குக் கோயில் நிரம்பி வாசல் வரைக்கும் சனம். நான் மொண்டெல்லோவில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். நற்கருணை முடிய அந்தப் பாட்டைத் தொடங்கினார்கள். அக்கா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. சீமோனின் சரணம் வந்தது. கோயில் முழுக்க இடம் தாரும் என்று எழும்பியது. அக்கா தன் முழுக் குரலையும் எடுத்து விடை தாரும் என்று பாடினா. வயதான குரல், ஆனால் அந்த இராகத்துக்கென்றே இருந்த குரல். முன் வரிசைப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த சரணத்திலும் அப்படியே பாடினா. மூன்றாவதிலும். அத்தனை பேருக்கு நடுவில் ஒரேயொரு குரல். நானும் சேர்ந்து பாட வாயைத் திறந்தேன், எனக்கு அழுகைதான் வந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது எமிலியானுஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. “பாவம் அக்கா. தான் கட்டின பாட்டையே மறந்து போனா. டொக்டரிட்டைக் காட்டினீங்களோ? அந்தச் சிஞ்ஞோராவுக்கும் இப்பிடித்தானாமே தொடங்கினது.”

நான் சொன்னேன், மறக்கவில்லை, வேண்டுமென்றுதான் பாடினா என்று. ஓமோம் என்றார், நோயாளியின் வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி.

அடுத்த ஞாயிறு அவர் ஒரு காரியம் செய்தார். பாட்டை முழுவதும் பெரிய எழுத்தில் அச்செடுத்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, கோயில் வாசலில் வைத்து அக்காவின் கையில் கொடுத்தார். மறந்து போகிற இடத்தில் பாருங்கோ அக்கா என்றார். இடம் என்ற சொல் வருகிற இடமெல்லாம் சிவப்பில் கோடு போட்டிருந்தது. அக்கா இரண்டு கையாலும் வாங்கி, தேங்ஸ் தம்பி என்று சொல்லிவிட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டா.

பஸ் தரிப்பு வரைக்கும் எனக்கு வாய் ஓயவில்லை. அவருக்கு இருக்கிற திமிரைப் பார், எழுதினவவுக்கே பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார், அந்த மட்டையைக் கிழித்து அவர் முகத்திலேயே எறிந்திருக்க வேண்டும் என்று என்னென்னவோ சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே வந்தா. தரிப்பில் இருந்த வாங்கில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தா.

“விடு பிள்ளை. ஜுவான்னியும் இப்பிடித்தானே பாடியிருப்பான். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை, தெளிவாய், வாய் நிறைய. கேட்ட ஆக்களுக்கு நல்ல பாட்டாய்த்தான் இருந்திருக்கும்.”

பிறகு நாளைக்கு எனக்கு எங்கே வேலை என்று கேட்டா. லிபெர்த்தாவில் என்றேன். தனக்கும் அங்கேதான் என்றா.